பாண்டா பிழைத்துக்கொள்ளும் என்று நான் நம்புவது ஏன்?

காட்டுமூங்கில்

வணக்கம். போன வாரம் இன்னொரு இழையில் ஒரு நண்பர், பாண்டா எப்படியும் அழியப்போகிற விலங்கு என்று எழுதியிருந்தார். வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் அதற்கு இணைசேரும் பருவம், பிறக்கும் குட்டி எலிக்குஞ்சு மாதிரி இருக்கும், மூங்கிலைத் தவிர வேறெதையும் அதிகம் தின்னாது, இயற்கையே கைவிட்டதை மனிதன் எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன். ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்கும். அங்கே மணி அடித்துவிடும். இங்கே நிதானமாக எழுதலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நண்பர் சொன்ன தகவல்கள் சரிதான். முடிவுதான் தப்பு. பெண் பாண்டா வசந்த காலத்தில் ஒருமுறைதான் பருவத்துக்கு வரும், கருத்தரிக்கக்கூடிய காலம் ஒன்றிலிருந்து மூன்று நாள். குட்டி 100 கிராம் சுமாருக்குப் பிறக்கும், தாயின் எடையில் ஏறக்குறைய 900-ல் ஒரு பங்கு. ஆனால் இதை வைத்து "இனம் பெருக்கத் தெரியாத விலங்கு" என்று பெயர் வைத்தவர்கள் பார்த்தது கூண்டுப் பாண்டாக்களை. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சிமெண்ட் தரையில் விட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. காட்டில் அப்படி இல்லை. பருவத்துக்கு வந்த பெண்ணை மோப்பம் பிடித்துக்கொண்டு பல ஆண்கள் வந்து சேரும், சண்டை போடும். பெண்ணுக்கு அங்கே தேர்ந்தெடுக்க ஆள் உண்டு.

இதைக் கூட இருந்து பார்த்தவர் பீகிங் பல்கலைக்கழகத்தின் பான் வென்ஷி. 1980-களின் நடுவில் தன் மாணவர்களோடு ஷான்சி மாகாணத்தின் ச்சின்லிங் மலைக்குப் போனார். பாண்டாக்களுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை மாட்டி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவற்றில் ஜியாவ்ஜியாவ் என்ற பெண் பாண்டா இவர்களுக்குப் பழகிவிட்டது. 1989-ல் ஒரு குட்டி, 1992-ல் இன்னொரு குட்டி. இரண்டாவதற்கு ஷீவாங் என்று பெயர் வைத்தார்கள். சீன மொழியில் "நம்பிக்கை" என்று பொருள். பான் வென்ஷியின் மாணவி லூ ஜி, ஜியாவ்ஜியாவ் குட்டி போட்ட குகைக்குப் பக்கத்திலேயே இருந்து தாயையும் சேயையும் படம் எடுத்தார். பிரசவமான தாய் நாள்கணக்கில் ஒரு வாய் மூங்கில்கூடத் தின்னாமல் குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கும். குட்டியை வளர்க்கத் தெரியாத விலங்கு செய்கிற காரியமா இது? ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற கணக்கில் காட்டுப் பாண்டா பெற்று வளர்க்கிறது. கரடி இனத்துக்கு இது சாதாரணமான வேகம்தான்.

அப்படியானால் எண்ணிக்கை ஏன் விழுந்தது? கோடரியால். பான் வென்ஷி வேலை செய்த அதே காட்டில் அரசின் மரத்தொழில் நிறுவனம் ஒன்று மரங்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. 1993-ல் அவர் வெட்டை நிறுத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். 1994-ல் வெட்டு நின்றது. மறுவருடம் அந்த இடம் சாங்ச்சிங் இயற்கைக் காப்பகம் ஆனது. மரம் வெட்டிய ஆட்களில் ஒரு பகுதியினர் காட்டைக் காவல் காக்கும் ஊழியர்களானார்கள்.

அப்புறம் 1998. அந்தக் கோடையில் யாங்சி ஆற்றில் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மேல்மலையில் காட்டை மொட்டையடித்ததும் ஒரு காரணம் என்பது அரசுக்கே உறைத்தது. அந்த செப்டம்பர் 1 முதல், பாண்டாக்கள் அதிகம் வாழும் சிச்சுவான் மாகாணத்தில் இயற்கைக் காட்டில் மரம் வெட்டத் தடை வந்தது. அடுத்த ஆண்டே, சரிவான மலைநிலத்தில் உழவை விட்டுவிட்டு மரம் நட்டால் குடும்பத்துக்குத் தானியமும் பணமும் தரும் திட்டம் தொடங்கியது. பாண்டாவின் பெயர்கூட இல்லாத இந்த இரண்டு முடிவுகள்தான் பாண்டாவுக்கு எந்த வளர்ப்பு மையத்தையும்விட அதிக நன்மை செய்தன என்பது என் உறுதியான எண்ணம்.

1970-களின் முதல் கணக்கெடுப்பில் 2,459 என்றார்கள். 1980-களின் இரண்டாவதில் 1,114. மூன்றாவதில் 1,596. 2015-ல் வெளியான நான்காவதில் 1,864. 2016-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பாண்டாவை "அருகிய இனம்" என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி "அழிவாய்ப்புள்ள இனம்" ஆக்கியது. அபாயம் குறைந்தது என்பதுதான் அதற்குப் பொருள், தீர்ந்தது என்பது அல்ல. ஆனால் பாண்டாவை அழித்தது அதன் உடல்கூறு என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. அழித்தது மரம் வெட்டு என்றால் அதை நிறுத்த முடியும், நிறுத்தியும் விட்டார்கள். என் நம்பிக்கை இங்கேதான் நிற்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் செல்வி

அருமையான பதிவு சார். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே 2012-ல் காய் காய், ஜியா ஜியா என்று ஒரு ஜோடி வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் "இந்த முறையாவது குட்டி பிறக்குமா" என்று செய்தியில் வரும், பிறகு இல்லை என்று வரும். கடைசியில் 2021 ஆகஸ்டில் லே லே பிறந்தான். அவனைப் பார்க்க வரிசையில் நின்ற அன்று என் மகள் தூங்கவே இல்லை. 2024 ஜனவரியில் அவனைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். வழியனுப்பப் போனவர்களில் நாங்களும் உண்டு.

ஒரு குட்டிக்கு இத்தனை ஆண்டு ஆனதைப் பார்த்துவிட்டு, "இந்த இனம் தேறாது" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காட்டில் நிலைமை வேறு என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. அப்படியென்றால் வளர்ப்பு மையங்களும் மிருகக்காட்சிசாலைகளும் செய்வதெல்லாம் வீணா?

காட்டுமூங்கில்

வீண் என்று சொல்லமாட்டேன் செல்வி. சிச்சுவானில் உள்ள செங்டு பாண்டா ஆய்வு மையம் 1987-ல் காட்டிலிருந்து மீட்ட ஆறு பாண்டாக்களோடு தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் மனிதப் பராமரிப்பில் 700-க்கு மேல் இருக்கின்றன. அந்த வளர்ச்சிக்கு ஒரு முக்கியமான காரணம், இரட்டைக் குட்டிகளைக் காப்பாற்றும் முறை. பாண்டாவுக்குப் பாதிக்குப் பாதி இரட்டை பிறக்கும். தாய் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும், மற்றது செத்துப்போகும். செங்டுவில் என்ன செய்தார்கள் என்றால், ஒன்றை இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தாய்க்குத் தேனோ மூங்கிலோ காட்டிக் கவனத்தைத் திருப்பி, குட்டிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தாய் இரண்டுக்கும் பால் கொடுத்தது. தாய்ப்பாலின் பங்கு புரிந்த பிறகு குட்டிகள் சாவது வெகுவாகக் குறைந்தது.

2008 மே 12 அன்று சிச்சுவானில் வந்த வென்ச்சுவான் நிலநடுக்கத்தில் வோலோங் காப்பகத்தின் வளர்ப்பு மையம் சிதைந்து போனது. மாவ் மாவ் என்ற தாய்ப் பாண்டா சுவர் இடிந்து இறந்தது. வளர்ப்புப் பாண்டாக்கள் வேறு மையங்களிலும் இருந்ததால் மொத்த இனத்துக்கும் அது பேரழிவாகவில்லை. கையிருப்பு என்பதற்கு அந்த மதிப்பு உண்டு.

சோலைமந்தி

வணக்கம் காட்டுமூங்கில் அண்ணா. நான் முதுமலைப் பக்கம் தானியங்கிக் கேமரா வேலை செய்கிறவன். சாங்ச்சிங் கதையை நீங்கள் சொன்ன விதம் பிடித்திருந்தது. மரம் வெட்டு பற்றி முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் எண்களை வரிசையாக அடுக்கி இறங்கி ஏறியது என்று காட்டியதை ஏற்க முடியவில்லை.

காட்டில் பாண்டாவைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். எண்ணுவது அதன் சாணத்தை வைத்து. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை, அதனால் மூங்கில் துண்டுகள் அப்படியே வெளியே வரும். அந்தத் துண்டுகளின் நீளம் ஒவ்வொரு பாண்டாவின் கடிக்கும் ஏற்ப மாறும். அதை அளந்து, இது ஒரு பாண்டா, அது வேறு பாண்டா என்று பிரிக்கிறார்கள். ஒரே அளவில் கடிக்கிற இரண்டு பாண்டாக்கள் இருந்தால்? 2006-ல் வாங்லாங் காப்பகத்தில் சாணத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது 66 பாண்டாக்கள் தெரியவந்தன. கணக்கெடுப்பு சொன்னதோ 27. இரண்டு மடங்குக்கும் மேலே வித்தியாசம். மேலும் நான்காவது கணக்கெடுப்பு மூன்றாவதைவிடக் கூடுதல் பரப்பில் நடந்தது. அதிக இடத்தில் தேடினால் அதிகம் கிடைக்கும். 1,596-க்கும் 1,864-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு நிஜமான பெருக்கம் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்று. அந்த 1,864-ம் ஒரே காட்டில் இல்லை. 33 துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் 18 துண்டுகளில் பத்துக்கும் குறைவான பாண்டாக்கள். பத்துப் பேர் உள்ள ஊரில் யாருக்கு யாரைக் கட்டிக்கொடுப்பது? மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்போதே இந்தச் சின்னத் துண்டுகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகலாம்.

நான் எதிர்த்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. காட்டு வேலையில் இருப்பவனுக்கு நல்ல செய்தி வந்தால் நிதி நின்றுவிடும் என்ற பயம் எப்போதும் உண்டு.

காட்டுமூங்கில்

தம்பி, எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தலைக்கணக்கை வைத்து நான் வாதாடியிருக்கக் கூடாது. அதைவிட உறுதியான தடயம் ஒன்று இருக்கிறது. அதற்கு வோலோங்குக்குப் போக வேண்டும்.

பாண்டா காப்பகங்களில் பெயர்பெற்றது வோலோங். 1963-ல் தொடங்கி 1975-ல் 2,000 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். பாண்டா ஆய்வின் தந்தை எனப்படும் ஹூ ஜின்ச்சு 1978-ல் வூயிபெங்கில் கூடாரம் போட்டது இங்கேதான். 1980-ல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வந்து அவரோடு சேர்ந்ததும் இங்கேதான். (நம் நீலகிரி வரையாட்டை 1960-களின் கடைசியில் வந்து பார்த்து எழுதினாரே, அதே ஷாலர்.) உலகத்தின் பார்வையும் பணமும் அவ்வளவு குவிந்த இடம்.

2001-ல் ஜியாங்குவோ லியு என்ற ஆய்வாளரின் குழு செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு முடிவை வெளியிட்டது. காப்பகம் ஆன பிறகு வோலோங்குக்குள் பாண்டாவுக்கு ஏற்ற காடு முன்பைவிட வேகமாக அழிந்திருந்தது. காப்பகத்துக்கு வெளியே நடந்த அழிவுக்குக் குறைவில்லாத வேகம். உள்ளே இருந்த மக்களின் தொகை பெருகியது, அடுப்புக்கும் குளிருக்கும் விறகு வேண்டும், சுற்றுலாக்காரர் வரவர விறகுத் தேவை ஏறியது. பலகை மாட்டினால் காடு காப்பாற்றப்பட்டுவிடாது என்று நாம் எல்லோரும் சொல்வோம். அதை உலகத்தின் மிகப் பிரபலமான காப்பகத்திலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். உள்ளே இருந்த குடும்பங்களைக் குற்றவாளியாக்கவில்லை. காட்டைப் பங்கு பிரித்து, இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று குடும்பங்களிடம் கொடுத்தார்கள். அவ்வப்போது சோதனை நடக்கும். வெட்டு விழுந்திருந்தால் பணம் குறையும், காடு நன்றாக இருந்தால் முழுப் பணம். விறகுக்குப் பதில் மின்சாரத்தை மலிவாகக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து லியுவின் குழு மறுபடி அளந்தபோது காடு திரும்ப வளர்ந்துகொண்டிருந்தது. கெட்ட செய்தி சொன்ன அதே ஆட்கள், அதே முறையில் அளந்து சொன்ன நல்ல செய்தி. சாணத்தில் உள்ள மூங்கில் துண்டில் பிழை வரலாம் தம்பி. மலைச்சரிவில் மரம் இருக்கிறதா இல்லையா என்பதில் அவ்வளவு பிழை வராது.

வரவுசெலவு

நான் கணக்கு எழுதுகிறவன், காட்டைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. 2009-ல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி இயற்கை நிகழ்ச்சித் தொகுப்பாளரே பாண்டாவைக் கண்ணியமாக அழியவிடலாம், அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவு செய்யலாம் என்று பேசினார். அழகான முகம் இருப்பதால் ஒரு விலங்குக்கு இவ்வளவு பணம். தவளைக்கும் நத்தைக்கும் யார் கொடுப்பார்கள்? இதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

காட்டுமூங்கில்

நியாயமான கேள்வி. பாண்டாவுக்காக விட்டுவைத்த காட்டில் பாண்டா மட்டும் இல்லை என்பதுதான் என் பதில். 2015-ல் வந்த ஓர் ஆய்வின்படி, சீனாவுக்கு மட்டுமே உரிய காட்டுப் பறவைகளில் 70 சதவீதமும் காட்டுப் பாலூட்டிகளில் 70 சதவீதமும் பாண்டா வாழும் நிலப்பகுதியிலும் வாழ்கின்றன. நீங்கள் கேட்ட தவளைக் கூட்டத்தில், அதாவது நீர்நில வாழ்வனவற்றில், 31 சதவீதம். தங்கநிறக் குரங்கு, ஆட்டினத்தைச் சேர்ந்த டாக்கின் என்ற பெரிய விலங்கு எல்லாம் அங்கே உண்டு.

பணக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். 2018-ல் வந்த ஆய்வு, பாண்டா காடுகள் தரும் நீர், மண் பாதுகாப்பு, கரிமச் சேமிப்பு, சுற்றுலா எல்லாவற்றையும் சேர்த்து 2010-ம் ஆண்டுக்கு மட்டும் 260 கோடி டாலரிலிருந்து 690 கோடி டாலர் வரை மதிப்பு என்கிறது. காப்பகங்களைப் பராமரிக்கும் செலவைப்போல் 10 முதல் 27 மடங்கு. இப்படி டாலரில் மதிப்பிடுவது எனக்கு முழுதாக ஒப்புதல் இல்லை. கீழே உள்ள பள்ளத்தாக்கில் வெள்ளம் வராமல் ஒரு குடும்பம் தூங்குவதற்கு என்ன விலை? ஆனால் நீங்கள் கணக்கு மொழியில் கேட்டதால் கணக்கு மொழியில் சொன்னேன்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். சாங்ச்சிங் காப்பகம் இருக்கும் அதே யாங் மாவட்டத்தில்தான் 1981-ல் கொண்டை அரிவாள்மூக்கன் பறவைகள் ஏழே ஏழு கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் சீனாவில் அது அழிந்தேவிட்டது என்று எண்ணியிருந்தார்கள். அந்த ஏழிலிருந்து இன்று ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஒரே மாவட்டத்தில் இரண்டு உயிர்கள்.

மூங்கிலரிசி

தம்பிகளுக்கு வணக்கம். நான் வனத்தை ஒட்டிய ஊரில் பிறந்து வளர்ந்த கிழவன். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒருமுறை மொத்தக் காடும் பூத்தது. மூங்கிலரிசியைக் கூடை கூடையாக அள்ளினோம், எலி பெருகியது, அப்புறம் மூங்கில் எல்லாம் காய்ந்து நின்றது. யானைகள் தவித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். யானைக்காவது வேறு தழை உண்டு. மூங்கிலை மட்டுமே தின்கிற பாண்டாவுக்கு இந்த நிலை வந்தால் கதி என்ன?

காட்டுமூங்கில்

ஐயா, வந்தது. 1970-களின் நடுவில் மின்ஷான் மலையில் மூங்கில் கூட்டமாகப் பூத்துச் செத்தபோது 138 பாண்டாக்களின் உடல்கள் கிடைத்தன. 1983-ல் ச்சியோங்லாய் மலையில் அம்பு மூங்கில் பூத்தபோது உலகமே பதறிப் பணம் திரட்டியது.

ஆனால் மூங்கில் பூப்பது புதிது இல்லையே. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அது பூக்கிறது, பாண்டாவும் இருந்துகொண்டே வந்திருக்கிறது. எப்படி என்றால், மலையில் உயரத்துக்கு உயரம் வேறு வேறு மூங்கில் இனம். எல்லாம் ஒரே வருடம் பூக்காது. மேலே ஒன்று செத்தால் பாண்டா கீழே இறங்கி வேறொன்றைத் தின்னும், இல்லையென்றால் அடுத்த மலைக்குப் போகும். கீழ்ச்சரிவு முழுவதும் வயலும் சாலையுமாக ஆன பிறகுதான் பூப்பு என்பது சாவாக மாறியது. 1983-ல்கூட வேறு மூங்கில் மிச்சமிருந்த இடங்களில் பாண்டாக்கள் அதைத் தின்று சமாளித்தன என்று ஷாலரும் பான் வென்ஷியும் சொன்னார்கள். காப்பாற்றுகிறோம் என்று நல்ல நிலையில் இருந்தவற்றையும் பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுபோனதை அவர்கள் கண்டித்தார்கள்.

அதனால் ஐயா கேட்டதற்கும் சோலைமந்தி கேட்ட 33 துண்டுகளுக்கும் மருந்து ஒன்றுதான். வழி திறந்துவிட வேண்டும். ச்சின்லிங்கில் 108-ம் எண் நெடுஞ்சாலை முகட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மலைக்கு அடியில் சுரங்கப்பாதை வந்ததும் மேலே உள்ள பழைய சாலை வெறிச்சோடியது. அங்கே மூங்கில் நட்டார்கள். லாரி போன இடத்தில் பிறகு பாண்டாவின் சாணம் கிடைத்தது. சிச்சுவானில் யாவான் முதல் ஷிச்சாங் வரையான விரைவுச்சாலையை நிபாஷான் மலைக்கு அடியில் சுமார் 10 கிலோமீட்டர் நீளச் சுரங்கமாகக் கொண்டுபோய், மேலே உள்ள காட்டை இணைக்கும் வேலை நடக்கிறது. 2021 அக்டோபரில் முறைப்படி அறிவித்த பாண்டா தேசியப் பூங்கா மூன்று மாகாணங்களில் சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். காட்டுப் பாண்டாக்களில் 70 சதவீதத்துக்கு மேல் அதற்குள் வருகின்றன. முன்பு தனித்தனிக் காப்பகம், தனித்தனி நிர்வாகம். பக்கத்துக் காப்பகத்தோடு வழி இணைப்பது யாருடைய வேலையும் இல்லை. இப்போது அது ஒரே நிர்வாகத்தின் வேலை.

சோலைமந்தி

அண்ணா, வோலோங் பற்றிய பதிவு என்னை யோசிக்க வைத்தது. அளந்து, தப்பை ஒப்புக்கொண்டு, திருத்தினார்கள் என்பது பெரிய விஷயம். நம் பக்கமும் அப்படி நடந்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் பாண்டாவைக் காப்பாற்றினால் எல்லாம் பிழைக்கும் என்று வரவுசெலவு அண்ணாவுக்கு எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. பாண்டா காப்பகங்கள் தொடங்கிய காலத்தில் இருந்த பெரிய ஊனுண்ணிகள் இப்போது அங்கே உண்டா என்று கேமரா வைத்துத் தேடினார்கள். சிறுத்தை 81 சதவீதக் காப்பகங்களில் இல்லை. ஓநாய் 77 சதவீதத்தில் இல்லை. செந்நாய் 95 சதவீதத்தில் இல்லை.

செந்நாய் என் கேமராவில் அடிக்கடி விழுகிற விலங்கு. மசினகுடிப் பக்கம் காலையில் கூட்டமாக ஓடும், விசில் அடித்துக் கூப்பிடும். அந்த விலங்கு அங்கே மௌனமாகப் போய்விட்டது என்று படித்த அன்று மனசு கனத்துவிட்டது. பாண்டாவுக்குச் சில சதுர கிலோமீட்டர் மூங்கில் காடு போதும். செந்நாய்க் கூட்டத்துக்கும் சிறுத்தைக்கும் அதைப்போல் பல மடங்கு நிலம் வேண்டும். பாண்டா அளவுக்கு வெட்டிய குடை அவற்றை மூடாது.

மாடு மேய்ச்சலையும் யாரும் சொல்லவில்லை. வாங்லாங்கில் 15 ஆண்டுகளில் கால்நடை ஒன்பது மடங்கானது என்று 2017 ஆய்வு சொல்கிறது. மாடும் குதிரையும் தாழ்வான சரிவில் மூங்கிலைத் தின்று மிதித்துவிட, பாண்டா மேலே நகர்ந்துவிட்டது. இதோடு வெப்பம் ஏறுவதையும் சேருங்கள். அடுத்த 80 ஆண்டுகளில் பாண்டாவின் மூங்கில் காட்டில் 35 சதவீதத்துக்கு மேல் போய்விடலாம் என்று 2016-ல் நல்ல செய்தி சொன்ன ஐயுசிஎன்னே எச்சரித்தது. மூங்கில் விதை போடுவது பல பத்தாண்டுக்கு ஒருமுறை. வெப்பத்துக்கு ஈடாக அது மலையேறிப் போக முடியாது.

காட்டுமூங்கில்

செந்நாய் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை தம்பி. அது இழப்புதான். நான் 70 சதவீதம் என்று எழுதியபோது இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்வேன். காடே போயிருந்தால் செந்நாயைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி யாரும் பேசக்கூட முடியாது. காடு நிற்கிறது, துண்டுகளைச் சேர்க்கும் வேலை தொடங்கியிருக்கிறது, பெரிய பூங்கா வந்திருக்கிறது. சிறுத்தைக்கு வேண்டிய அளவு நிலம் கிடைக்க வேண்டுமானாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிய பயம் எனக்கும் உண்டு. அதை எந்தக் காப்பகத்து வேலியும் தடுக்காது.

தேன்கூடு

மேய்ச்சல் பற்றி ஒரு சேதி சொல்லலாமா? நான் தேனீ வளர்க்கிறவள், அந்த வழியாகத்தான் இது எனக்குத் தெரியும். சிச்சுவானில் பிங்வூ மாவட்டத்தில் குவான்பா என்று ஒரு மலைக்கிராமம். பாண்டா வாழும் பள்ளத்தாக்கு. வேட்டை, மரம், ஆடு, ஆற்று மீன் என்று எல்லாவற்றையும் காட்டிலிருந்து எடுத்துப் பிழைத்த ஊர். லூ ஜி தொடங்கிய ஷான்ஷுய் அமைப்பும் அந்த மக்களும் சேர்ந்து அங்கே தேனீ வளர்ப்பை எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் வைப்பது அங்கத்தியக் கிழக்குத் தேனீ. நம் ஊர் அடுக்குத் தேனீயும் அதே இனம்தான், பாத்தவுடனே சொந்தம் மாதிரி இருந்தது. தேன் வேண்டுமென்றால் பூ வேண்டும், பூ வேண்டுமென்றால் காடு வேண்டும். ஊர் இளைஞர்களே ரோந்துக் குழு அமைத்துக் கண்ணி எடுக்கிறார்கள், ஆற்றில் மீன் பிடிப்பதைத் தடுக்கிறார்கள்.

அடுக்குத் தேனீ வைத்திருக்கிறவளுக்குத் தெரியும், அது கொஞ்சமாகத்தான் தேன் தரும், கோபம் வந்தால் கூட்டை விட்டே போய்விடும். அதை நம்பி ஆட்டை விடுவது லேசான முடிவு இல்லை. அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை.

வரவுசெலவு

காட்டுமூங்கில், சோலைமந்தி இருவருக்கும் நன்றி. முகத்தைப் பார்த்துக் கொடுக்கிற பணம் என்றுதான் நினைத்திருந்தேன். வோலோங்கில் குடும்பத்துக்குக் கொடுத்த பணமும், சோதனை பார்த்துக் குறைத்ததும் எனக்குப் புரிகிற முறை. அப்படிச் செலவு செய்தால் கேள்வி கேட்கமாட்டேன். செந்நாய்க்கும் அப்படி ஒரு வரவுசெலவுத் திட்டம் வேண்டும்.

உட்லண்ட்ஸ் செல்வி

இழையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது ஆறாம் வகுப்பு. அவள் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். லே லே எப்போதாவது காட்டுக்குப் போவானா?

காட்டுமூங்கில்

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் செல்வி. மிருகக்காட்சிசாலையில் மனிதர் கையால் சாப்பிட்டு வளர்ந்த பாண்டாவைக் காட்டில் விட முடியாது. 2006-ல் ஷியாங் ஷியாங் என்ற ஆண் பாண்டாவை விட்டுப் பார்த்தார்கள். மையத்தில் வளர்ந்து பயிற்சி பெற்றவன். காட்டு ஆண்களோடு நடந்த சண்டையில் அடிபட்டு, பத்து மாதத்தில் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு முறையையே மாற்றினார்கள். கருவுற்ற தாயைக் காட்டுக்குள் வேலியிட்ட இடத்தில் விட்டு, குட்டியை அவளே வளர்க்கும்படி செய்தார்கள். மனித வாடையே தெரியக்கூடாது என்பதற்காகப் பராமரிப்பாளர்கள் பாண்டாவின் மூத்திரம் தடவிய பாண்டா உடையை மாட்டிக்கொண்டுதான் பக்கத்தில் போவார்கள். அப்படி வளர்ந்த தாவ் தாவை 2012 அக்டோபரில் லிசிபிங் காப்பகத்தில் விட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து 2017-ல் பிடித்துப் பார்த்தபோது 100 கிலோவுக்கு மேல் எடையோடு திடமாக இருந்தான். எல்லாரும் பிழைக்கவில்லை. 2014-ல் விட்ட ஷுவே ஷுவே சில வாரங்களில் இறந்துவிட்டாள்.

லிசிபிங்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது சோலைமந்திக்குப் பிடிக்கும். ஷியாவ்ஷியாங்லிங் மலைத்தொடரில் உள்ள அந்தக் கூட்டம், மொத்தமே சுமார் முப்பது பாண்டாக்கள் கொண்ட சின்னக் கூட்டம். அணைந்துவிடும் என்று தம்பி பயந்தாரே, அந்த வகைத் துண்டு. தாவ் தாவுக்கு முன்பே, 2009 ஏப்ரலில், லூ ஷின் என்ற பெண்ணை அங்கே விட்டிருந்தார்கள். வேறு மலையில் மெலிந்து கிடந்தவளை மீட்டு, சிகிச்சை கொடுத்து, இந்தப் புது மலையில் விட்டார்கள். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது, எந்தச் சரிவில் எந்த மூங்கில் என்றும் தெரியாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2012-ல், அந்த ஊர் ஆண் ஒருவனோடு சேர்ந்து அவள் குட்டி போட்டிருப்பது உறுதியானது. யாரும் ஜோடி சேர்த்து வைக்கவில்லை, ஊசி போடவில்லை.

மகளுக்கு லூ ஷின் கதையைச் சொல்லுங்கள். லே லேயின் படத்துக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஓர் இடம் கொடுக்கட்டும்.